பேட்டரி எதற்கு, பேனல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீட்டுச் சோலார் பற்றி வந்த கட்டுரையில், பேனலோடு பேட்டரியும் வைத்துவிட்டால் கரண்ட் பில்லை மறந்தே போகலாம் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு என் நாத்தனார் போன் பண்ணினாள். "மதினி, நாங்களும் பேட்டரியோட போட்டுரலாம்னு பாக்கோம். மூன்றரை லட்சம் சொல்லுதாங்க." அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். இரண்டு ஏசி, போர் மோட்டார், கிரைண்டர், மாமியாரின் நெபுலைசர் என்று இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும். 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு அதற்கு 4,870 ரூபாய். அந்த வருடக் கடைசியில் 3 கிலோவாட் பேனல் போட்டோம். பேட்டரி போடவில்லை. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வங்கிக் கணக்குக்கே வந்தது. இப்போது பில் வந்தால் நூறுகளில்தான் வருகிறது. இந்த மட்டும் கட்டுரையோடு எனக்குச் சண்டை இல்லை.

நம் ஊரின் 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வரப்பு. 500 யூனிட்டோடு நிறுத்தினால் 1,805 ரூபாய். பத்தே யூனிட் கூடி 510 ஆனால் 2,170. சலுகை குறைந்து, மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 பைசா என்று போய்விடும். ஆகவே பேனலின் லாபம் எல்லா யூனிட்டிலும் ஒன்றுபோல இல்லை. 1 கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட்டுக்குக் குறையாமல் தரும், இரண்டு மாதத்துக்கு 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் 800 யூனிட்டில் முதல் கிலோவாட் மிச்சம் பிடிப்பது 2,300 ரூபாய்க்கு மேல். இரண்டாவது கிலோவாட் 1,800 ரூபாய். மூன்றாவது வெறும் 700. மானியமும் அப்படித்தான்: முதல் இரண்டுக்கும் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, அதற்கு மேல் எத்தனை போட்டாலும் ஒன்றும் கிடையாது. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது பேனல் ஏறிய பிறகு. முன்னாலேயே போட்டிருந்தால் இரண்டு கிலோவாட்டோடு நிறுத்தியிருப்பேன். பில் பூஜ்யம் ஆக வேண்டும் என்ற ஆசைக்குத்தான் அந்த மூன்றாவது.

சரி, பேட்டரிக்கு வருவோம். நெட் மீட்டர் இருக்கிற வீட்டில் பகலில் நாம் செலவழித்தது போக மிஞ்சியது கம்பி வழியே வெளியே போகும், ராத்திரி வேண்டியது உள்ளே வரும். பத்து யூனிட் போய்ப் பத்து யூனிட் வந்தால் கணக்கு நேர். அதாவது நாம் விலை கொடுத்து வாங்காத பேட்டரி ஒன்று தெருக் கம்பத்திலேயே இருக்கிறது. எனக்கு 5 யூனிட் பிடிக்கிற லித்தியம் பேட்டரிக்கு ஒன்றேகால் லட்சம் சொன்னார்கள். பகல் கரண்டை அதில் தேக்கி ராத்திரி எடுத்தால் பில்லில் எனக்கு என்ன குறையும்? ஒன்றும் குறையாது. ஏற்றி இறக்குவதில் பத்தில் ஒரு பங்கு வீணாவதுதான் மிச்சம்.

என் தம்பி மெல்பர்னில் இருக்கிறான். அவன் வீட்டில் பேட்டரி வைத்தது புத்திசாலித்தனம். அங்கே வெளியே தள்ளுகிற யூனிட்டுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலையை 2025-26க்கு 0.04 சென்ட் என்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். ராத்திரி வாங்குகிற யூனிட்டுக்கோ முழு விலை. போதாததற்கு 2025 ஜூலையிலிருந்து பேட்டரி விலையில் ஏறக்குறைய 30 சதவீதம் அரசாங்கமே தள்ளுபடி தருகிறது. அந்த ஊர்க் கணக்கை யூடியூபில் பார்த்துவிட்டு இங்கே வந்து விற்கிறார்கள். சூர்ய கர் மானியம் பேனலுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

அப்போ பேட்டரியே வேண்டாமா என்றால், வேண்டும், வேறு காரியத்துக்கு. போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள், மணி பன்னிரண்டு இருக்கும், கரண்ட் போனது. மாடியில் பேனல் கண்ணைப் பறிக்கிறது, கீழே மின்விசிறி நிற்கிறது. மாமியார், "மேல இவ்வளவு வெயில் அடிக்கே, இது எதுக்கு ஓடல?" என்று கேட்க, எனக்கும் பதில் தெரியவில்லை. பேனல் போட்டவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. போனில் பிடித்துக் கேட்ட பிறகுதான், "ஆமா மேடம், ஆன்கிரிட் அப்படித்தான்" என்றார். ஆன்கிரிட் என்றால் தெருக் கம்பியோடு சேர்ந்தே ஓடுவது. தெருவில் கரண்ட் நின்றால், பேனல் கரண்டை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றுகிற அதன் இன்வெர்ட்டரும் தானாக அணைந்துவிடும். அணையாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயும். நியாயமான ஏற்பாடுதான். இரண்டு லட்சம் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்.

அதற்கு நாங்கள் செய்தது, பழைய இன்வெர்ட்டரைத் தூசி தட்டி 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்று வாங்கி மாட்டியது. இரண்டு மின்விசிறி, மூன்று லைட் ஐந்து மணி நேரம் தாங்குகிறது. நெபுலைசரும் ஓடும். ஏசி ஓடாது, ஓட வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் அளவை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும். அடிக்கடி ஐந்தாறு மணி நேரம் கரண்ட் போகிற ஊரில் இருப்பவர்களும், வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்களும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் (தெருவில் கரண்ட் போனாலும் பேட்டரியோடு சேர்த்துப் பேனலை ஓட விடுவது), லித்தியம் என்று போவது சரிதான். ஆனால் அது நிம்மதிக்குக் கொடுக்கிற காசு. சேமிப்பு என்ற பெயரில் அதை விற்கக் கூடாது.

கட்டுரையில் இல்லாத இன்னும் இரண்டு விஷயம். எங்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நான்கு மணிக்கு மேல் ஒரு பேனலில் விழும். ஒரு பேனலில்தானே என்று விட்டோம். வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றவையும் இளைக்கின்றன. கடைசியில் தொட்டியைத்தான் இடம் மாற்றினோம். அப்புறம், போர் தண்ணீர் ஊற்றிப் பேனலைக் கழுவாதீர்கள். உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து, தூசியே தேவலை என்று ஆகிவிடும். நான் விடிகாலையில் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கிறேன். பேனலைத் தாங்குகிற சட்டத்தை ஆள் உயரத்துக்கு ஏற்றிப் போட்டதால் கூடுதலாகச் செலவானது உண்மை, ஆனால் அடியில் துணி காய்கிறது, பேனலைத் தாண்டி வெயில் விழுகிற பக்கத்தில் கூழ்வற்றலும் காய்கிறது.

நாத்தனாரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "போன தடவை ரீடிங் எவ்வளவு?" பார்த்துச் சொன்னாள், 420 யூனிட். பில் 1,300 ரூபாய் சுமார். வருடத்துக்கு 8,000கூட இல்லை. மானியம் போகக் கையை விட்டுப் போகிற பணத்தை வங்கியில் போட்டால் வருகிற வட்டி இதைப்போல் இரண்டு மடங்கு. யோசிக்கிறேன் மதினி என்று வைத்துவிட்டாள். கடைக்காரர் நேற்று மறுபடியும் வந்து மாடியை அளந்துவிட்டுப் போயிருக்கிறாராம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை