நகரத் தெரியாத செடிகளும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வெப்பம் கூடக் கூட ஆர்க்டிக்கிலும் உயர்ந்த மலைகளிலும் உள்ள செடிகள் "மேலே மேலே நகர்ந்துவிடும்" என்று ஞாயிறு இணைப்பில் ஒரு வரி வந்திருந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவள் நான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பூக்காத சிறு செடிகளான ஈரலுருத் தாவரங்கள், அதாவது லிவர்வொர்ட்டுகள், அப்படி நகர்வதில்லை. பள்ளியில் ரிக்சியா, மார்கான்ஷியா என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்த வகைதான். தரையோடு ஒட்டிக்கிடக்கும் அந்த இரண்டை மட்டுமே நானும் வகுப்பில் காட்டினேன். பெரும்பாலான இனங்களுக்குத் தண்டும் இலையும் உண்டு என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஓய்வுக்குப் பிறகு ஸ்காட்லாந்தின் பென் எய் மலையில், வடக்கு பார்த்த சரிவில், ஹெதர் புதருக்கடியில் முட்டி போட்டபோதுதான் அதற்காக வெட்கப்பட்டேன். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த கொத்துகள்; ஒவ்வோர் இலையும் கவட்டை போல இரண்டாகப் பிளந்திருந்தது. ஹெர்பர்டஸ் போரியாலிஸ் என்ற ஈரலுருத் தாவரம். நார்வேயிலும் இது இருப்பதாக முன்பு நினைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்ததில் அங்கே இருப்பது வேறு இனம் என்று தெரிந்து, 2012இல் அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். ஆக, இந்த இனத்துக்குத் தெரிந்த ஒரே வீடு அந்த மலைதான்.

அதன் அக்கம்பக்கத்தாரின் கதை இன்னும் விசித்திரம். மாஸ்டிகோஃபோரா வுட்சி என்ற ஈரலுருத் தாவரம் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அப்புறம் இமயமலையில், கனடாவின் மேற்குக் கரையில். நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை. இவற்றில் பலவற்றுக்கு ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஸ்காட்லாந்தில் அவற்றில் பலவும் ஸ்போர் என்ற வித்துத்தூளை விட்டதை யாரும் பார்த்ததில்லை. ஒடிந்த துண்டு பக்கத்தில் விழுந்து பிழைத்தால் உண்டு. வேர் கிடையாது, இலைக்கு ஒரே அடுக்குச் செல்தான், உடம்பு முழுவதாலும் நீரை உறிஞ்சுகிறது. அதனால் ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் மழை பெய்யும், வெயில் நேராக விழாத சரிவுதான் இதற்குச் சரிப்படும். மேய்ச்சலுக்கும் வேட்டைப் பறவைகளுக்குமாக அங்கே ஹெதரைக் கொளுத்துவார்கள். ஹெதர் மறுபடி தழைத்துவிடும். கருகிய ஈரலுருத் தாவரங்கள் திரும்பி வருவதில்லை.

இன்னும் மேலே, கோடையிலும் பனி தங்கும் பள்ளங்களில், ஆந்தீலியா ஜுரட்ஸ்கானா என்ற இன்னோர் ஈரலுருத் தாவரம் சாம்பல் தூவியது போலப் படர்ந்திருக்கும். பனி சீக்கிரம் கரைந்தால் புல் வந்து அதை மூடிவிடும். உச்சியிலேயே இருப்பது இன்னும் எங்கே ஏறும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே கட்டுரையில் "பாசி, காளான் போன்ற சிறு செடிகள்" என்று இவற்றையும் சேர்த்து ஒரே அடைப்பில் போட்டிருந்தீர்கள். காளான் செடியே அல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை