பட்டியலைச் சுருட்டி வை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை விடியும் முன் சென்னையில் கிளம்பி வழியில் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை. மதியத்துக்குள் கானாடுகாத்தான், மூன்று மணிக்கு ஆத்தங்குடி, நான்குக்குப் பிள்ளையார்பட்டி, ஐந்துக்குக் குன்றக்குடி, ராத்திரி காரைக்குடியில் "செட்டிநாடு விருந்து". ஞாயிறு காலை பழம்பொருள் கடைகள், நாட்டரசன்கோட்டை, வேட்டங்குடி, கீழடி, அப்படியே மதுரை வழியாகச் சென்னை. இரண்டு கார், எட்டுப் பேர். இதற்கு "ரிலாக்ஸ் ட்ரிப்" என்று தலைப்பு வேறு. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள்கூட இதைவிட நிதானமாக நடப்பார்கள்.

உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் நான் காரைக்குடியில் குடியேறியதிலிருந்து இதே பட்டியலை, வரிசையை மட்டும் மாற்றி, என்னிடம் காட்டாத சொந்தக்காரர் இல்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ இரண்டு பயணங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறாய். "நாங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போயிட்டு வரணும்க்கா" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவன் நீதான். அப்புறம் அலுவலகத்தில் ஒருவனிடம் சொல்ல, அவன் இன்னொருவனிடம் சொல்ல, ஆள் சேர்ந்துவிட்டது. நண்பர்களோடு போவது தப்பே இல்லை. ஆனால் எட்டுப் பேர் போகும்போது நீ டிரைவர், வழிகாட்டி, கணக்குப்பிள்ளை எல்லாம் ஆகிவிடுவாய். உன் பெண்டாட்டி பின் சீட்டில் அடுத்தவர் குழந்தைக்குச் சிப்ஸ் பிரித்துக் கொடுத்துக்கொண்டு வருவாள். பட்டியலில் இத்தனை இடம் போட்டிருக்கிறாயே, அவள் கேட்ட இடம் எது? என்னிடம் போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆத்தங்குடியில் தரையில் பதிக்கிற பூக்கல்லை அச்சில் ஊற்றிச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு நீ முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாய்.

ஆகவே முதல் தடவை நீங்கள் இருவர் மட்டும் வாருங்கள். வெள்ளிக்கிழமை லீவு போடு. இரண்டு ராத்திரி, ஒரே ஊர். கானாடுகாத்தானோ காரைக்குடியோ, எங்கே பை இறக்குகிறீர்களோ அங்கேயே இருங்கள்.

சென்னையிலிருந்து திருச்சி 330 கிலோமீட்டர் போல வரும். நாலரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பாதிக்கு மேல் கடந்துவிடலாம். திருச்சியில் விமான நிலையத்தைத் தாண்டிப் புதுக்கோட்டைச் சாலையைப் பிடித்தால் அங்கிருந்து காரைக்குடி இன்னும் 90 கிலோமீட்டர் சொச்சம். அந்தத் துண்டுதான் அழகு. லாரி குறைந்து, மண் சிவந்து, பனை மரங்கள் தெரிய ஆரம்பிக்கும். திருமயத்தில் மட்டும் நிறுத்துங்கள். 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை அது; இங்கே பல பேருக்கு அது, கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பேரில், ஊமையன் கோட்டை. உச்சியில் பீரங்கி மேடையில் நின்றால் சுற்றுவட்டாரமே தெரியும். கீழே ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரை இருக்கிறது. சித்தன்னவாசலை விட்டுவிடு. அந்தத் தாமரைக் குள ஓவியம் கூரையில் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கவே பொழுது வேண்டும். ஓட்டமாக ஓடிப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம்.

திருமயத்தைத் தாண்டி ஊர்ச் சாலைக்குள் திரும்பியதும் வேகத்தைக் குறை. ஆடு வரும், மயில் குறுக்கே ஓடும், அறுவடைக் காலமென்றால் பாதிச் சாலையில் நெல் காயும். இருட்டில் இங்கே ஓட்டாதே. அத்தானே ஓட்டமாட்டார்.

இனி செட்டிநாட்டு வீடுகள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டியவை. வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது, "இவ்வளவு பெரிய வீடெல்லாம் ஏன் பூட்டிக் கிடக்கு?" ஒரு வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தால் அல்லவா திறப்பார். பாட்டனார் கட்டிய வீட்டுக்கு இன்றைக்கு எத்தனையோ பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். சாவி காவல்காரரிடம். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, சஷ்டியப்தபூர்த்தி என்றால் எல்லாரும் கூடுவார்கள், வீடு விழித்துக்கொள்ளும். மற்ற நாளில் பூட்டுதான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய கானாடுகாத்தான் அரண்மனைக்கும் நம்பி வராதே. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆத்தங்குடியில் பெரிய வீடு என்று ஒன்று இருக்கிறது, கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். அதைப் பார். அதைவிட நல்ல வழி, அப்படி ஒரு பழைய வீட்டை விடுதியாக்கியிருக்கிற இடத்திலேயே தங்குவது. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் கொத்தமங்கலத்திலும் இருக்கின்றன. வாடகை கொஞ்சம் கடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். கீழடியையும் மதுரையையும் வெட்டினால் பெட்ரோலிலாவது கொஞ்சம் மிச்சம்.

உள்ளே போனதும் முகப்பில் நின்று நேராகப் பார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று ஒரே கோட்டில், இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்புத் தூண் பர்மாத் தேக்கு, தரையில் இத்தாலியப் பளிங்கு, சுவரில் ஜப்பான் ஓடு. சுவரைத் தடவிப் பார்த்தால் பட்டுப்போல வழுக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது. இந்தப் பணமெல்லாம் வட்டிக் கடையில் வந்தது. பர்மா, இலங்கை, மலேயா என்று போய்க் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து குடியானவர்களால் கடன் கட்ட முடியாமல் போக, கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் போகவும் போனது. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது கால்நடையாகவே ஊர் திரும்பியவர்கள் உண்டு. தேக்குத் தூணைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது அந்தப் பர்மாக் குடியானவனையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அத்தான் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். எங்கள் வீட்டில் இது ஓயாத வாக்குவாதம்.

எனக்கு அந்த வீடுகளில் பிடித்தது பளிங்கு இல்லை, வளவுதான். திறந்த முற்றத்தைச் சுற்றிலும் வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் அந்த ஜோடிக்கு அதில் தனி அறை, தனிச் சமையல், தனிக் கணக்கு. கோயில் வரிகூட அவர்களை ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகத்தான் எண்ணும். ஐம்பது பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் புருஷன் பெண்டாட்டிக்கென்று ஒரு கதவு இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மழை நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் அந்த முற்றத்தில் கொட்டும். அந்தத் தண்ணீரை வீணாக்காமல் வாய்க்கால் வழியாக ஊருணிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மழை மத்தியானம் முழுக்க அந்தத் தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். பன்னிரண்டரையிலிருந்து நாலு மணிவரை இந்த ஊரில் செய்ய வேறு வேலையும் கிடையாது. கோயில் நடை சாத்தியிருக்கும், வெயில் நாளென்றால் தெருவில் நாய்கூட நடக்காது. உன் பட்டியலில் சரியாக அந்த நேரத்தில்தான் கானாடுகாத்தானை நடந்து சுற்றுவதாகப் போட்டிருக்கிறாய்!

ஆத்தங்குடிக்குச் சனிக்கிழமை காலையிலேயே போங்கள். பட்டறைகளில் சொன்னால் நின்று பார்க்க விடுவார்கள். சட்டத்துக்குள் ஒரு கண்ணாடியைப் போட்டு, அதன்மேல் பூ வெட்டிய தகர அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்புறத்துக்குக் கலவை போட்டு அழுத்திவிடுவார்கள். பிறகு காய வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும், மறுபடி காய வேண்டும். சூளை கிடையாது, பாலிஷ் கிடையாது; கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழுவழுப்பு கல்லில் ஏறியிருக்கும். நடக்க நடக்கப் பளபளப்பு கூடுமே தவிரக் குறையாது. சில இடங்களில் அச்சு இல்லாமல் கையாலேயே நிறத்தைச் சுழற்றி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவள் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் நீ கார்ச் சாவியை ஆட்டாதே.

சாப்பாடு. சென்னையில் "செட்டிநாடு" என்று போர்டு போட்ட கடையில் சிவப்பாய் எண்ணெய் மிதக்க வருமே, அதை மனதில் வைத்துக்கொண்டு வராதே. இங்கே காரம் மிளகிலும் வரமிளகாயிலும் இருக்கும். ஆனால் வாசனை சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கிலிருந்து வரும். மதியம் இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் விடுதிகளில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வந்து உட்கார்ந்து மெனு கார்டு கேட்கிற வழக்கம் பல இடங்களில் இல்லை. உப்புக்கறி கிடைத்தால் விடாதே. சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். கவுனி அரிசி பர்மாவிலிருந்து செட்டியார்களோடு வந்தது. தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் போட்டுக் கருஞ்சிவப்பாய்க் கொண்டு வந்து வைப்பார்கள். அவளுக்குப் பிடிக்கும், உனக்குப் பிடிக்காது. உன் பங்கையும் அவளுக்குக் கொடுத்துவிடு.

கடைத்தெருவில் ஒரு மணி நேரம் போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி, பித்தளைத் தூக்கு வாங்கு, தப்பில்லை. கதவும் தூணும் விலை கேட்காதே. ஒவ்வொரு கதவும் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. கேட்க ஆள் இருப்பதால்தான் இடிக்கிறார்கள். கண்டாங்கிச் சேலை மட்டும் ஒன்று எடுத்துக் கொடு. அகலக் கரை போட்ட பருத்தி. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நிறத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

சரி, நண்பர்கள். அவர்களைத் தை மாதத்தில் கூட்டிக்கொண்டு வா. அது வேறு ஜாதிப் பயணம். வேட்டங்குடியில் நீர்ப்பறவைகள் நிறைந்திருக்கும். அவை மிரளக்கூடாதென்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. காணும் பொங்கலன்று வந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு. கூட்டம் சொல்லி மாளாது, கூச்சல் போட ஆசைப்படுகிறவர்கள் அங்கே போடலாம். பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் அந்தப் பயணத்துக்கு வைத்துக்கொள், காலையில். எட்டுப் பேர் என்றால் பழைய வீடொன்றை மொத்தமாகப் பேசிக்கொள்வது நல்லது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். அந்தச் சுவரும் தரையும் சத்தத்தை விழுங்காது. ஒருமுறை ஒரு கும்பல் வளவில் பாட்டு வைத்து ஆட, பின்கட்டில் இருந்த தொண்ணூறு வயது ஆச்சி ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார்கள். காலையில் அந்தக் கும்பலுக்கும் சேர்த்துப் பணியாரம் ஊற்றச் சொன்னதும் அந்த ஆச்சிதான். எனக்கு அந்தக் குணம் வராது. செலவுக் கணக்கை வேறு யாரிடமாவது ஒப்படை. சாவியையும் அவ்வப்போது கைமாற்று.

உங்கள் முதல் பயணத்துக்கு எங்கள் வீட்டில் தங்கச் சொல்லமாட்டேன். தங்கினால் நீ அத்தானோடு கிரிக்கெட் பார்ப்பாய், அவள் என்னோடு வெங்காயம் உரிப்பாள். ஞாயிறு மதியம் மட்டும் சாப்பிட வாருங்கள், சாப்பிட்டுவிட்டு அப்படியே திருச்சிக்கு வண்டியை விடலாம். நாட்டுக்கோழியா ஆட்டுக்கறியா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு. நீயாகச் சொல்லாதே, அவளிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அக்கா