லாடம் அடிக்க ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இளைஞர்கள் குதிரை வாங்கி வளர்ப்பது சில ஆண்டுகளாகப் பெருகி வருகிறது. திருமண ஊர்வலங்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் அவற்றைக் காணும்போது, குதிரையோடு பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சியே ஏற்படுகிறது. ஆனால் சென்ற மாதம் எங்கள் ஊரை ஒட்டிய சாலையோரப் புளியமரத்தடியில், ஒரு முன்னங்காலை ஊன்ற முடியாமல் தூக்கித் தூக்கி வைத்தபடி நின்ற ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்த பிறகு, இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. அதன் நான்கு குளம்புகளும் பல மாதங்களாக வெட்டப்படாமல் முன்பக்கம் நீண்டு, நுனி வளைந்து, பக்கவாட்டில் வெடித்திருந்தன. உடல் மட்டும் நன்றாகக் கொழுத்திருந்தது. உரிமையாளரான இளைஞர், "தீனியில் ஒரு குறையும் வைக்கவில்லை ஐயா, லாடம் அடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த உண்மையைத்தான் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

என் தந்தையார் கிருஷ்ணகிரியில் ஜட்கா வண்டி ஓட்டியவர். பழையபேட்டையிலிருந்து பேருந்து நிலையத்திற்கும், விடுமுறை நாட்களில் அணையைப் பார்க்க வருவோரை ஏற்றிக்கொண்டு கே.ஆர்.பி. அணைக்கும் அவர் வண்டி போய்வரும். வீட்டின் பின்புறம் கீற்று வேய்ந்த லாயத்தில் ஒரு செவலைப் பெண் குதிரை நின்றது. விடியற்காலையில் எழுந்தவுடன் அவர் முகம் கழுவுவதற்கு முன்பே லாயத்திற்குச் சென்று, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்பின் அடியில் அடைந்திருக்கும் சாணத்தையும் சரளைக் கல்லையும் கொக்கி போன்ற சிறு இரும்பால் சுரண்டி எடுப்பார். குளம்படியில் முக்கோண வடிவில் மெத்தென்று இருக்கும் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, விரலை முகர்ந்தும் பார்ப்பார். ஈரத்தில் நின்று அழுகத் தொடங்கியிருந்தால் நாற்றமே காட்டிக் கொடுத்துவிடும். அதன் பிறகுதான் முதல் நாள் இரவே ஊறப்போட்ட கொள்ளைத் தவிட்டோடு பிசைந்து வைப்பார். கொள்ளு எங்கள் மானாவாரிக் காடுகளில் தாராளமாக விளையும் பயிர். பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தன் ஊர்ப் பெயரிலேயே கொள்ளு இரகங்களை வெளியிட்டிருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இத்தகைய தீனி இருக்க, கல்யாணப் பந்தியில் மிஞ்சிய சோற்றையும் ரொட்டியையும் இன்று சிலர் குதிரைக்குக் கொட்டுவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஒவ்வாத தீனி வயிற்றில் தங்கிப் புளித்தால், ஒரே இரவில் உயிர் போய்விடும்.

லாடக்காரர் மாதம் தவறாமல் எங்கள் தெருவுக்கு வருவார். அப்போது ஜட்காக்காரர்கள் பலர் இருந்ததால் அவருக்கு வேலை குறைவில்லாமல் இருந்தது. அவர் வராத மாதங்களில் என் தந்தையாரே அரமும் சுத்தியலும் எடுத்து உட்கார்ந்துவிடுவார். காலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பத்து வயதில் எனக்குக் குதிரையேற்றம் கற்றுத்தந்தபோதும் அவர் சேணம் போடவில்லை. முதுகில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, கால் ஊன்றும் அங்கவடி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் ஏற விட்டார். குதிரை எந்தக் காலை எப்போது ஊன்றுகிறது, எந்தக் காலில் தயங்குகிறது என்பதைத் தொடையால் உணர அதுவே வழி என்பது அவர் கருத்து. அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது.

1974ஆம் ஆண்டு அஞ்செட்டி மலைப்பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டேன். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கு மலைப்பாதையில் பதினோரு கிலோமீட்டர். முதல் ஆண்டு நடந்தே சென்றேன். அடுத்த ஆண்டு ஒரு மட்டக்குதிரையை வாங்கினேன். தோள் உயரம் என் மார்பளவுகூட இல்லாத அந்தக் கறுப்புக் குதிரை, என்னையும் பள்ளிக்கூட நோட்டுகளையும், சில நாட்களில் மதிய உணவுக்கான அரிசியையும் சுமந்து ஏழு ஆண்டுகள் அந்த மலையை ஏறி இறங்கியது. சரிவில் இறங்கும்போது கடிவாளத்தைத் தளர விட்டு, உடலைப் பின்சாய்த்து, பாதையைக் குதிரையின் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்ததும் அதுதான்.

ஒருநாள் அந்தி மயங்கும் நேரத்தில், மூங்கில் அடர்ந்த ஒரு வளைவுக்கு முன்னால் அது திடீரென்று நின்றுவிட்டது. இரு காதுகளும் அம்புபோல் முன்னோக்கி நிமிர்ந்தன. கழுத்துத் தோல் சிலிர்த்தது. நான் குதிகாலால் தட்டினேன், அதட்டினேன், வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு குச்சியாலும் அடித்தேன். அது ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. சில நொடிகள் கழித்து மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டது. ஒரு யானையும் அதன் பின்னே ஒரு கன்றும் பாதையைக் குறுக்கே கடந்து ஓடைப்பக்கம் இறங்கின. அவை சென்று வெகுநேரம் ஆகியும் அந்தக் குதிரை நடுங்கிக்கொண்டே இருந்தது, நானும்தான். அதற்குப் பிறகு என் வாழ்நாளில் நான் எந்தக் குதிரையையும் அடித்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மட்டக்குதிரைக்கு நான் லாடமே அடித்ததில்லை. செம்மண்ணிலும் காட்டுப் பாதையிலும் நடக்கும் சிறு குதிரைக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆனால் குளம்பை மட்டும் ஆறு வாரத்திற்கு ஒருமுறை கிருஷ்ணகிரிக்கு ஓட்டிவந்து தந்தையாரிடம் காட்டி வெட்டிச் சீவிக்கொள்வேன். குளம்பு நம் நகத்தைப் போலத்தான், மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் மூட்டும் நரம்பும் அதற்கேற்பக் கோணிக்கொள்ளும். எல்லாக் குதிரைக்கும் லாடம் வேண்டும் என்பதில்லை. குளம்பைச் சீர்செய்யும் கை எல்லாக் குதிரைக்கும் வேண்டும். தார்ச்சாலையிலும் சிமென்ட் தரையிலும் நாள்தோறும் நடக்க வேண்டிய குதிரைக்கு இரண்டுமே வேண்டும்.

மலைக்குச் சாலை வந்து, எனக்கும் பணி மாற்றம் வந்த பின், பல ஆண்டுகள் வீட்டில் குதிரை இல்லை. 1996ஆம் ஆண்டு ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குச் சென்றபோதுதான் மீண்டும் அந்த ஆசை பற்றிக்கொண்டது. அங்கு வாங்க வந்தவர்களில் பலர் சுழியைத்தான் தேடினார்கள். நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எந்தச் சுழி, அது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று அரைமணி நேரம் ஆராய்ந்தவர்கள், கால்களை ஒருமுறைகூடத் தூக்கிப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன். நான்கு வயது முடிந்து கடை சேரும், அதாவது பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் நிறையும் பருவத்தில் இருந்தது. நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்தேன். தரையில் நடக்கவிட்டுக் கண்ணை மூடிக் காலடி ஓசையைக் கேட்டேன். நான்கு அடியும் ஒரே சீராக விழுந்தன. காது நுனிகள் உள்நோக்கி வளைந்த அந்தக் கத்தியவார் இனப் பெண் குதிரையை வாங்கிவந்து முத்து என்று பெயரிட்டோம்.

1998ஆம் ஆண்டு கோடையில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. வழக்கமாக ஓசூர்ப் பக்கமிருந்து பேருந்தில் வரும் லாடக்காரர் உடல்நலமின்றி இருந்தார். அவர் தேறி வரும்வரை பொறுக்காமல், மாட்டுக்கு லாடம் கட்டும் ஒருவரை அழைத்து வந்தேன். மாட்டின் கால்களைக் கட்டிக் கீழே சாய்த்து, பிளந்த குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு மெல்லிய தகடு அடிப்பது அவர் தொழில். அதில் அவர் தேர்ந்தவர்தான். குதிரையை நிற்க வைத்தபடியே, காலைத் தொடைகளுக்கிடையே ஏந்தி, வளைந்த இரும்பை அக்குளம்பின் அளவுக்கே தட்டிப் பொருத்த வேண்டும். குளம்படியின் விளிம்பை ஒட்டி ஒரு வெளிறிய கோடு ஓடும். ஆணி அதற்கு வெளிப்புறமாக மட்டுமே இறங்கி, பக்கவாட்டில் நுனி வெளியே வர வேண்டும். உள்ளே ஒரு நூல் சாய்ந்தாலும் உயிர்த்தசை. வலது முன்னங்காலில் ஓர் ஆணி சாய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை முத்து அந்தக் காலை ஊன்றவில்லை. இரண்டு முன்குளம்புகளிலும் ஒரே நேரத்தில் உள்ளங்கைகளை வைத்துப் பார்த்தேன். வலப்புறம் அடுப்பில் வைத்த மண்சட்டிபோல் சுட்டது. கணுக்காலுக்குப் பின்புறம் நாடி என் விரலில் இடித்தது. கால்நடை மருத்துவர் ஒருவர், தாம் அதுவரை குதிரைக்கு அதிகம் பார்த்ததில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டே வந்து, லாடத்தைக் கழற்றி, அந்த ஆணித்துளையைச் சற்றே அகலப்படுத்தினார். கரிய நீர் நாற்றத்தோடு பீறிட்டது. குதிரைக்கு இரண ஜன்னி (டெட்டனஸ்) எளிதில் கண்டுவிடும் என்பதால் அதற்கான ஊசியையும் போட்டார். அடுத்த மூன்று வாரங்கள் காலையும் மாலையும் உப்புக் கலந்த வெந்நீர் வாளியில் அந்தக் காலை வைத்துப் பிடித்துக்கொண்டு நானும் என் மனைவியும் மாறி மாறி அமர்ந்திருந்தோம். முதல் இரண்டு நாட்கள் வாளியை உதைத்துத் தள்ளிய குதிரை, பிறகு வெந்நீரின் இதத்தை அறிந்துகொண்டு, தாடையை என் தோளில் சாய்த்து, மூச்சுக்காற்று கழுத்தில் படும்படி கண் அயர்ந்து நிற்கும். பிழை செய்தவன் தோளிலேயே அது சாய்ந்து நின்றதை இன்று நினைத்தாலும் என்னால் தாங்க முடியவில்லை.

முத்து அதன்பின் நன்றாக வாழ்ந்து, 2005ஆம் ஆண்டு ஒரு பெண் குட்டியை ஈன்று, 27ஆம் வயதில் எங்கள் நிலத்திலேயே இறந்தது. அந்தக் குட்டி இன்று இருபது வயது கடந்த முதிய குதிரையாக எங்கள் லாயத்தில் நிற்கிறது. ஓசூர்ப் பக்கத்து லாடக்காரர் காலமாகிவிட்டார். அவர் பிள்ளைகள் யாரும் அத்தொழிலுக்கு வரவில்லை. வருமானம் இல்லாத தொழிலுக்கு வரச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. இப்போது பெங்களூரிலிருந்து ஒருவரை வரவழைத்து, குதிரை வைத்திருக்கும் நாங்கள் ஐந்து பேர் செலவைப் பகிர்ந்துகொள்கிறோம். அவர் வரும் நாள் தள்ளிப்போனால் ஆறு வாரம் மூன்று மாதமாகிவிடுகிறது. எங்களைப் போல் ஐந்து பேர் சேர முடியாதவர்களின் குதிரைகள்தான் புளியமரத்தடியில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

இந்நிலை நம் மண்ணில் ஏற்பட்டிருப்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இவ்விரு மாவட்டங்களிலும் கிடைத்துள்ள நடுகற்களில், குதிரைமேல் அமர்ந்து வாளேந்திய வீரனைச் செதுக்கியவை உண்டு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்று கால்நடைப் பண்ணையாக விளங்கும் இடம், கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகவே ஏற்பட்டது. 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட அப்பண்ணையில் கத்தியவார் குதிரைகளும் வளர்க்கப்பட்டு வந்துள்ளன. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரியும் மத்திகிரியில்தான் இருக்கிறது. இடம், குதிரை, கற்பிக்கும் அமைப்பு ஆகிய எல்லாம் ஒரே ஊரில் இருக்கும்போது, இளைஞர்களுக்குக் குளம்பு பராமரிப்பிலும் லாடம் அடிப்பதிலும் உதவித்தொகையுடன் கூடிய சில மாதப் பயிற்சியை அங்கே நடத்துவது அரசுக்குப் பெரிய செலவாக இராது. குதிரை வளர்ப்போர் பெருகியுள்ள இந்நாளில், ஒரு மாவட்டத்திற்கு நான்கு பேர் இருந்தாலும் அவர்களுக்குப் பிழைப்புக்குக் குறைவிராது. மாவட்டக் கால்நடை மருத்துவர்களுக்கும் குதிரை நோய்களில் ஒரு குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்படுமானால், அன்று எனக்கு உதவிய மருத்துவரைப் போன்ற நல்லெண்ணம் கொண்டவர்கள் தயக்கமின்றி வருவார்கள்.

குதிரை வாங்க நினைக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தியூருக்குப் போகும் முன், உங்கள் குதிரையின் குளம்பை யார் பார்ப்பார்கள் என்பதை உறுதி செய்துகொண்டு போங்கள். கிடைக்கவில்லையென்றால் ஓராண்டு பொறுங்கள். சந்தை அடுத்த ஆடியிலும் கூடும்.

என் தந்தையாரின் அரம், சுத்தியல், குளம்பு சீவும் கத்தி, ஆணி பிடுங்கும் குறடு ஆகியவை எண்ணெய்த் துணியில் சுற்றி, துருப்பிடிக்காமல் என்னிடம் இருக்கின்றன. என் கைகளில் நடுக்கம் வந்துவிட்டதால் நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. மத்திகிரியிலோ வேறெங்கோ முறையாகப் பயிற்சி முடித்து, இத்தொழிலை இம்மாவட்டத்திலேயே செய்ய முன்வரும் முதல் இளைஞருக்கு அவற்றை விலையின்றித் தருவேன். அவர் முதலில் தூக்க வேண்டிய கால் எங்கள் லாயத்தில் காத்திருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
இராயக்கோட்டை வட்டாரம், கிருஷ்ணகிரி மாவட்டம்.