பில்லிங்ஸிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். குளிர் இறங்கிவிட்டது, வேலை, சாப்பாடு எல்லாம் அம்மாவிடம் போனில் சொன்னதுதான். இது மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் துப்பாக்கி என்ற பேச்சை எடுத்தாலே அம்மா ராத்திரி தூங்க மாட்டாள்.

நம் ஊரில் உரிமம் வாங்கி வைத்திருப்பவர்கூட தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், இங்கே மொன்டானாவில் பாதி வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி பீரோவில் கிடக்கிறது. 1898 வரை செய்தது என்றால் மத்திய அரசின் சட்டப்படி அது பழம்பொருள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது, வின்செஸ்டர் கம்பெனியின் 1873 மாடல். எண்கோணக் குழல், கீழே லீவர், அதை இழுத்துத் தள்ளினால் உள்ளே ஒரு பித்தளைக் கட்டை அடுத்த தோட்டாவைத் தூக்கி மேலே கொண்டுவரும். அந்த வேலைப்பாட்டை நீங்கள் பார்க்க வேண்டும் அப்பா.

அவருக்குத் தெரிய வேண்டியது, இது எந்தத் தோட்டாவுக்கானது என்று. துப்பாக்கியோடு 38-40 என்ற அளவுத் தோட்டா ஒரு பெட்டி வந்திருக்கிறது, உள்ளே போட்டால் நுழைகிறது, அப்போது அதுதானே என்கிறார். நுழைவது ஒரு சாட்சியே இல்லை. 44-40 என்ற பெரிய அளவுத் தோட்டாவின் கழுத்தைக் குறுக்கிச் செய்ததுதான் 38-40, அதனால் பெரியதன் அறைக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், சின்னது தாராளமாகப் போகும். பெயர்தான் 38, குண்டு 0.401 அங்குலம், 44-ன் குண்டு 0.427. இந்த வித்தியாசத்தில் சுட்டால் குண்டு குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகளைப் பிடிக்காது, குண்டு போன பிறகு மிஞ்சும் தோட்டாக் கூடு வீங்கும், கிழியவும் கூடும்.

பொதுவாகக் குழலின் மேலே அளவு பொறித்திருக்கும், பித்தளைக் கட்டையின் அடியிலும் இருக்கும். இதில் இரண்டு இடத்திலும் ஒன்றுமில்லை, தேய்ந்த தடம்கூட இல்லை. அதுவே ஒரு துப்பு. ஆரம்பத்தில் இந்த மாடல் 44-40-ல் மட்டும்தான் வந்தது, ஒரே அளவு என்பதால் பொறிக்கவில்லை. 38-40, 32-20 எல்லாம் 1880 வாக்கில் சேர்ந்த பிறகுதான் பொறிக்கும் பழக்கம் வந்தது.

இருந்தாலும் உங்கள் மகன் அளக்காமல் விடுவேனா? முதலில் அறையும் குழலுக்குக் கீழே உள்ள தோட்டாக் குழாயும் காலிதானா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். குழலுக்கு எண்ணெய் விட்டு, துளையைவிடக் கொஞ்சம் பெரிய தூய ஈய உருண்டையை வாய்ப்பக்கமாக வைத்து, பித்தளைக் கம்பியால் தட்டித் தட்டி இறக்கினேன். முதல் தட்டில் ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் வெட்டுண்டு விழுந்தது, அப்புறம் ஒரே சீராகப் போனது. வெளியே வந்த ஈயத்தில் ஆறு வரியும் அச்சாக விழுந்திருந்தது. எதிரெதிர் வரிகளின் மேடுகளுக்கு நடுவே மைக்ரோமீட்டர் வைத்தால் 0.428. இந்தத் துப்பாக்கிகளில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு முன்பின் இருப்பது சகஜம், 44-தான், சந்தேகமே இல்லை.

அறையையும் வார்ப்பெடுக்கலாம். அதற்கென்றே பிஸ்மத் கலந்த ஒரு உலோகம் விற்கிறார்கள், கொதிக்கிற தண்ணீரின் சூட்டுக்குள்ளேயே உருகிவிடும். முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்து, ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்கு வந்து நிற்கும், அப்போதுதான் அளக்க வேண்டும். அடுத்த விடுமுறையில் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

வயோமிங்கில் கோடி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் ஆலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. பிடிக்குக் கீழே இரும்புப் பட்டையில் உள்ள வரிசை எண்ணைக் கொடுத்தால், அந்தக் காலத்துக் கணக்கன் எழுதி வைத்ததைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். எனக்கு அந்தக் கணக்கன் மேல்தான் பொறாமை. பெரியவர் எழுதிப் போட்டிருக்கிறார்.

அவர் பேரன் சுட்டே பார்க்க வேண்டும் என்று நிற்கிறான். சுடும்போது தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கும் பூட்டு இந்த 1873 மாடலில் பலவீனமானது, அழுத்தம் கூடின தோட்டாவைத் தாங்காது, துப்பாக்கிக் கொல்லரிடம் காட்டாமல் தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். 38-40 பெட்டியைப் பெரியவர் தனியாகப் பூட்டி வைத்துவிட்டார்.

லேத்துக்கு பெல்ட் மாற்றப் பணம் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்