பதினான்கு இடம் வேண்டாம், கயல்

கும்பகோணம்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பாங்காக் பட்டியலை அப்பா ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று நாளில் பதினான்கு இடம். ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கலர். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நீ போட்டு சுவரில் ஒட்டிய டைம்டேபிள்தான் ஞாபகம் வந்தது. அந்த டைம்டேபிள்படி நீ ஒருநாளும் படித்ததில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பாதி வழியில் சந்திப்போம் என்று நீதான் சொன்னாய். எங்களுக்குச் சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரம், உனக்கு மெல்போர்னிலிருந்து ஒன்பது மணி நேரம். இது என்ன பாதி என்று அப்பா கணக்குப் போட்டுச் சிரித்தார். அவ்வளவு தூரம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் நீ. அதற்காகவே உன் பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன். சிவப்புப் பேனாவால்தான்; பள்ளிக்கூடத்துப் பழக்கம் போகவில்லை.

சிங்கப்பூர் போன கதை உனக்குத் தெரியும். அந்த டிராவல்ஸ்காரர் ஒரே நாளில் ஏழு இடம் காட்டினார். பஸ்ஸிலிருந்து இறங்கு, போட்டோ எடு, ஏறு. திரும்பி வந்து பார்த்தால் எந்தப் போட்டோ எந்த இடம் என்று எங்கள் இருவருக்கும் சண்டை. இப்போது என் முட்டியும் அன்றைய முட்டி இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு இடம், இழுத்துப் பிடித்தால் மூன்று. மிச்ச நேரம் உன்னோடும் குட்டியோடும் எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் என் பட்டியல்.

முதலில் அடித்தது மிதக்கும் சந்தை. படத்தில் அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ போட்டிருக்கும் தம்னோன் சதுவாக் சந்தை ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர். விடியற்காலையில் குட்டியை எழுப்பிக் காரில் போட்டு, அங்கே போய்ப் படகில் வாழைப்பழம் வாங்க வேண்டுமா? அயோத்தியாவும் வேண்டாம். 1767இல் பர்மியப் படை அழித்த பழைய தலைநகரம் என்று அப்பாவுக்கு அதில் ரொம்ப ஆசை. மனம் கேட்காமல்தான் அடித்தேன். மால்கள் மூன்றையும் யோசிக்காமல் அடித்தேன்.

தங்குவதற்கு ஆற்றோரம் பார். சபான் தாக்சின் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. மேலே ஸ்கைடிரெயின், கீழே இறங்கினால் சாத்தோர்ன் படகுத்துறை. அதன் பக்கத்தில் ரூம் கிடைத்தால் பாங்காக்கின் டிராஃபிக்கில் நாம் மாட்டவே வேண்டாம். நாம் பார்க்க வேண்டியதெல்லாம் சாவோ பிரயா ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. 1782இல் முதலாம் ராமா மேற்குக் கரை தோன்புரியிலிருந்து கிழக்குக் கரைக்குத் தலைநகரை மாற்றியபோது ஆறுதான் சாலை, ஆறுதான் அகழி. அதனால் அந்த ஊரை ஆற்றிலிருந்து பார்த்தால்தான் முகம் தெரியும். சாலையிலிருந்து பார்த்தால் முதுகுதான். காவிரிக்கரையில் பிறந்தவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் ஒன்றுமே வேண்டாம். நாங்கள் ராத்திரி ஏறி விடியலில் இறங்குவோம், தூக்கம் இருக்காது. மத்தியானம் வரை படுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் படகு. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு. ஊர்க்காரர்கள் ஆபீஸ் போய் வருவது அதில்தான், எங்கே இறங்கினாலும் 16 பாட். டூரிஸ்ட் படகு என்று கூவுகிறவர்கள் பக்கத்திலேயே நிற்பார்களாம், அந்தப் பக்கம் திரும்பாதே. ஜன்னலோரம் குட்டிக்கு. சூரியன் இறங்கும்போது வாட் அருண் கோபுரத்துக்கு எதிரே இருக்க வேண்டும். அருணோதயத்தின் அருணன் பெயர்தான் அந்தக் கோயிலுக்கு, ஆனால் அழகு என்னவோ அஸ்தமனத்தில்தான்.

இரண்டாம் நாள் அரண்மனை. காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், எட்டரைக்கே வாசலில் நிற்போம். பெரியவர்களுக்கு 500 பாட் டிக்கெட். நம் பணத்தில் கணக்குப் பார்க்காதே என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன், அவர் பார்த்துவிட்டார். முட்டியும் தோளும் மறைய வேண்டும். அரை டிராயர், கையில்லாத சட்டை எதுவும் உள்ளே விடமாட்டார்கள். வேட்டி கட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார். வரட்டும், மடித்துக் கட்டாமல் இருந்தால் சரி.

இன்னொன்று. அரண்மனைக்குப் போகும் வழியில் யாராவது நல்ல இங்கிலீஷில் "இன்று மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது, வேறு கோயிலுக்குக் குறைந்த காசில் கூட்டிப் போகிறேன்" என்று சொன்னால் நின்று பதில் சொல்லாதே. ஆட்டோ மாதிரியான துக்துக்கில் ஏற்றி நேரே ரத்தினக் கடையில் கொண்டுபோய் இறக்குவார்கள். நம் ஊர்க் கோயில் வாசலில் "நடை சாத்திட்டாங்க, நான் தனி வழியில கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் வருவாரே, அவருடைய தாய்லாந்துத் தம்பி.

உள்ளே மரகத புத்தர். மரகதம் என்று பெயர்தான், பச்சை ஜேட் கல். 66 சென்டிமீட்டர், அதாவது நம் கணக்கில் ஒன்றரை முழம். கோடை, மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை அவருக்கு உடை மாற்றுகிறார்கள், மாற்றுவது ராஜா. நாம் போகும்போது குளிர்கால உடையில் இருப்பார். 'குளிர்' என்றால் மத்தியானம் முப்பது டிகிரி, ஸ்வெட்டர் எடுத்து வராதே.

எனக்கு அங்கே பிடிக்கப்போவது புத்தரைவிட அவரைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவர். 178 பிரிவுகளில் ராமாயணம் முழுவதும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ராமகியன் என்பது அவர்கள் ராமாயணத்தின் பெயர். ராவணன் அங்கே தோசகன், தசகண்டன்தான் அப்படி ஆகியிருக்கிறது. ஆனால் அனுமன் விஷயத்தில் மனத்தைத் திடப்படுத்திக்கொள். நம் அனுமன் பிரம்மச்சாரி. அவர்கள் அனுமன் சேது கட்டப் போன இடத்தில் ராவணன் மகளான ஒரு கடல்கன்னியைக் காதலித்து ஒரு பிள்ளையும் பெற்றுவிடுகிறான். அப்பா இதைக் கேட்டு அரை மணி நேரம் பேசவில்லை. நான் அந்தச் சுவர் முன்னால் நிறைய நேரம் நிற்பேன், அவசரப்படுத்தாதே.

அரண்மனைக்குத் தெற்கே நடக்கிற தூரம் வாட் போ. 46 மீட்டர் நீளத்தில் பள்ளிகொண்ட புத்தர். சாரங்கபாணியைப் பார்த்து வளர்ந்தவளுக்குப் பள்ளிகொண்ட கோலம் புதிதில்லை, ஆனால் இந்தப் பாதங்களைப் பார்க்க வேண்டும். உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும், சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போகலாம். குட்டிக்கு இது போதும். அப்புறம் அதே வளாகத்தில் தாய் மசாஜ் கற்றுக்கொடுக்கும் பள்ளி இருக்கிறது. என் முட்டியை அங்கே அரை மணி நேரம் ஒப்படைக்கிறேன். தெம்பு இருந்தால் தா தியன் துறையில் ஐந்து பாட் கொடுத்து அக்கரை வாட் அருணுக்குப் போகலாம், படியேற மாட்டேன். தெம்பு இல்லையென்றால் ரூம்.

இப்போது மூன்றாம் நாள். உன் பட்டியலில் இல்லாத ஒரு இடத்தை நான் சேர்த்திருக்கிறேன்.

பெரிய ஊஞ்சல் என்று பெயர். போய்ப் பார்த்தால் ஒரு சாலைச் சந்திப்பு நடுவே சிவப்புச் சாயம் பூசிய இரண்டு தேக்குமரத் தூண்கள், மேலே ஒரு வளைவு. அவ்வளவுதான். ஊஞ்சல்கூட இப்போது இல்லை. டாக்ஸிகள் சுற்றிப் போய்க்கொண்டிருக்கும். "இதற்கா வந்தோம்" என்று நீ கேட்பாய், இப்போதே சொல்லிவிடுகிறேன், இதற்குத்தான்.

1784இல் முதன்முதலில் நட்ட ஊஞ்சல். மார்கழி, தை வாக்கில் சிவன் பூமிக்கு இறங்கி வருகிறார் என்று அரண்மனைப் பிராமணர்கள் ஒரு விழா எடுப்பார்கள். ஆட்கள் அந்த உயரத்தில் ஆடி, மூங்கில் கழியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். விழுந்து செத்தவர்களும் உண்டு. 1935இல் ஊஞ்சல் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் பூஜையை நிறுத்தவில்லை. பக்கத்திலேயே தேவஸ்தான் என்கிற சின்னக் கோயிலில் இன்றும் நடக்கிறது. அந்த விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். வாய்விட்டுச் சொல்லிப் பார். திருவெம்பாவை, திருப்பாவை!

அவர்கள் சொல்லும் பாட்டு தமிழ்தான். கிரந்த எழுத்தில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி, உச்சரிப்பு தேய்ந்து, நமக்கே புரியாத தமிழாகிவிட்டது. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குத் திருவெம்பாவை நடத்தியவள் நான். ஐந்து மணிக்கு உன்னை எழுப்பிக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவேன், நீ என் மடியில் தூங்கிவிடுவாய், வெண்பொங்கல் வந்ததும் மட்டும் சரியாக விழித்துக்கொள்வாய். அந்தப் பாட்டு கடலைத் தாண்டிப் போய் ஒரு ராஜாவின் ஊரில் இருக்கிறது என்றால், அதுவும் நாம் போவது மார்கழிக் கடைசியில் என்றால், அந்தத் தூணடியில் பத்து நிமிஷம் நிற்காமல் எப்படி வருவது? பூஜையைப் பார்க்கக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

சாம் யோட் என்ற மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம். அதற்கு அடுத்த ஸ்டேஷன் சனாம் சாய், அரண்மனை மண்டபம் போலவே கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து ரயில் ஆற்றுக்கு அடியில் போகிறதாம். அயோத்தியாவை அடித்ததற்கு அப்பாவுக்கு நஷ்டஈடு அது. நான்கு முறை வேண்டுமானாலும் போய் வரட்டும்.

அப்புறம் சீலோம் மாரியம்மன். சுராசக் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பிழைக்கப் போன தமிழர்கள் எழுப்பிய கோயில். இப்போது சாமந்தி மாலையும் தட்டுமாக நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்தான். அவர்கள் வாயில் அதன் பெயர் 'வாட் கேக்'. 'கேக்' என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் அப்படித்தான் சொல்கிறார்கள். கேக் கோயில் என்று சொன்னால் குட்டி ஓடி வருவான், உள்ளே போனபின் பேசிக்கொள்ளலாம்.

சாயங்காலம் லும்பினி பூங்கா. ஏரிக்கரையில் முதலை போல உடும்புகள் உலாவுகின்றன, குட்டிக்குப் படம் காட்டி வை. சரியாக ஆறு மணிக்கு தேசிய கீதம் ஒலிக்கும், ஓடிக்கொண்டிருப்பவர்களும் அப்படியே நின்றுவிடுவார்கள். நாமும் நிற்க வேண்டும்.

சாப்பாடுதான் கவலை. எங்கள் இருவருக்கும் சைவம். அங்கே காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், நாம் பிளா என்று அதற்குப் பெயர். மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 என்று எழுதியது போல இருந்தால் அது 'ஜே' என்ற அவர்கள் எழுத்து, சுத்த சைவம், பூண்டுகூடக் கிடையாது. அந்தக் கொடியைத் தேடும் வேலை குட்டிக்கு. தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும் எனக்கு ஒரு நாள் வாங்கித் தா. புளிக்காய்ச்சல் பெரிய பெட்டியில் வருகிறது, நீ கேட்காமலே.

விசா இப்போதைக்கு நமக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம் என்கிறார்கள், டிக்கெட் போடும் முன் நீ ஒருமுறை பார்த்துவிடு. ஆனால் வருகைப் படிவம் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் மூடிவிடு. எங்கள் இருவருக்கும் சேர்த்து நீயே போட்டுவிடு, அப்பா பிறந்த தேதியைத் தப்பாக அடிப்பார்.

குட்டிக்கு லேஸ் கட்டாத ஷூ வாங்கு. கோயிலுக்குக் கோயில் கழற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்
அம்மா

பி.கு.: அரண்மனையில் 120 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லையாம், நம் பஸ் மாதிரி. குட்டியைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்து சொல். இங்கே சமையலறைக் கதவில் நான் பென்சிலால் போட்ட கோடு 104இல் நிற்கிறது.