அணைக்கு முன்னால் கொலும்பனிடம் கூட்டிப்போங்கள்: சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சார், டீச்சர் எல்லாருக்கும் வணக்கம்.

தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் வருஷா வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பஸ் பேசுவது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் வைத்திருப்பது, வீடு திரும்பும்வரை தலை எண்ணிக்கொண்டே இருப்பது என்று அதில் உள்ள பாடு எனக்கும் தெரியும். இயற்பியல் எடுத்துக்கொண்டே பல வருஷம் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தவன் நான்.

நம் பக்கத்து ஒருநாள் சுற்றுலாத் திட்டங்களில் தேக்கடியோடு சேர்த்து இடுக்கி அணையையும் போடுவது உண்டு. தாளில் "இடுக்கி அணை: அரை மணி நேரம்" என்று இருக்கும். நானும் அப்படித்தான் போட்டேன், முதல் இரண்டு தடவை. இறங்கினோம், நடந்தோம், எட்டிப் பார்த்தோம், ஏறினோம். இரண்டாவது தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டது: "சார், அந்த டேம்ல மதகே இல்லையே, அப்புறம் தண்ணி எந்த வழியா போகுது? கரண்ட் எங்க எடுக்கிறாங்க?" என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஊருக்கு வந்தபிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, எதையெல்லாம் காட்டாமல் கூட்டி வந்திருக்கிறோம் என்று மனசு கேட்கவே இல்லை.

முதலில் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் இடுக்கு என்றால் நம் இடுக்கேதான். குறவன் மலை 839 மீட்டர், குறத்தி மலை 925 மீட்டர். இரண்டு பாறை மலைகளுக்கும் நடுவிலிருந்த அந்த ஒற்றை இடுக்கு வழியாகத்தான் பெரியாறு நுழைந்து போனது. அங்கே அணை கட்டலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1922-இல் மலங்கரை எஸ்டேட் கண்காணிப்பாளராக இருந்த டபிள்யூ. ஜே. ஜான் என்பவர் காட்டுக்கு வேட்டைக்குப் போகிறார். வழிகாட்டியாகப் போனவர் ஊராளிப் பழங்குடியின் மூப்பர் கொலும்பன். அவர்தான் குறவன், குறத்தி மலைகளையும் நடுவில் பாயும் ஆற்றையும் ஜானுக்குக் காட்டிக் கதையும் சொல்கிறார். இங்கே அடைத்தால் தண்ணீர் நிற்குமே என்று ஜானுக்குப் படுகிறது. 1932-இல் அவர் திருவிதாங்கூர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுக்கிறார். பிற்பாடு எத்தனையோ ஆய்வு, கனடா நாட்டு உதவி, 1969-இல் கட்டுமானம் தொடக்கம், 1976 பிப்ரவரியில் இந்திரா காந்தி கையால் மின் உற்பத்தி தொடக்கம் என்று போகும் நீண்ட கதைக்கு முதல் வரி அந்தக் காட்டு மனிதர்தான்.

வெள்ளாப்பாறையில் கொலும்பனுக்கு நினைவிடம் இருக்கிறது. அணைக்குப் போகிற பஸ்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. நான் கேட்பதில் முக்கியமானது இதுதான்: அணைக்கு முன்னால் பிள்ளைகளை அங்கே நிறுத்துங்கள். பத்து நிமிஷம் போதும். நம் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு முல்லைப்பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் யார் என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை; டீக்கடையில் படம் மாட்டியிருக்கும், அவர் பிறந்தநாளான ஜனவரி 15-க்குப் பொங்கல் வைக்கும் ஊர்கள் உண்டு, லோயர் கேம்பில் மணிமண்டபமும் இருக்கிறது. அணை கட்டியவரை அப்படிக் கொண்டாடத் தெரிந்த பிள்ளைகள், அணைக்கு இடம் காட்டியவர் பேரையும் தெரிந்துகொள்ள வேண்டாமா? கட்டியவர் பேர் நிற்கும், கொடுத்தவர் பேர் நிற்கும், திறந்துவைத்தவர் பேர் கல்வெட்டிலேயே நிற்கும். வழிகாட்டிப் போனவர் பேர் நிற்பது எத்தனை அபூர்வம் என்று அங்கே நின்று சொன்னால் பதினாலு வயதுப் பிள்ளைக்குப் புரியும். நான் சொல்லியிருக்கிறேன், புரிந்தது.

சரி, அணைக்கு வருவோம். ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் பார்வையாளர்களுக்குத் திறப்பது வழக்கம். மற்றபடி எந்த நாளில் விடுகிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே போகும்போது செல்போன், கேமரா எதையும் விடமாட்டார்கள். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், ஆனால் எனக்கு அது நல்லதாகத்தான் படுகிறது. கையில் போன் இல்லாத நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பதை வேறெங்கே பார்க்க முடியும்? ஒரு பக்கம் அசையாத தண்ணீர், விளிம்பில் காடு. மறுபக்கம் எட்டிப் பார்த்தால் சுவர் உள்வாங்கி இறங்கி, அடியில் மரங்கள் கொத்துமல்லிக் கட்டு மாதிரி தெரியும். காற்று அந்த இடுக்கு வழியாக ஏறி வந்து முகத்தில் அறையும்.

அந்தச் சுவர் 168.91 மீட்டர் உயரம். அடித்தளத்தில் தடிமன் 20 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு உயரத்துக்கு நேராக, தன் எடையாலேயே நிற்கும் அணையாகக் கட்டியிருந்தால் அடியில் நூறு மீட்டருக்கு மேல் அகலம் வேண்டியிருக்கும். இது வளைவு அணை. பக்கவாட்டிலும் வளைந்திருக்கிறது, மேலிருந்து கீழாகவும் வளைந்திருக்கிறது. தண்ணீர் தள்ளுகிற விசையை வளைவு வாங்கி இரண்டு பக்கத்துப் பாறைக்கும் அனுப்பிவிடுகிறது. குறவனும் குறத்தியும் தோள் கொடுப்பதால்தான் அந்த மெல்லிய சுவர் நிற்கிறது என்று சொல்லுங்கள், அது கதைக்காகச் சொல்வது இல்லை, இயற்பியலும் அதேதான்.

இனி அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி. இடுக்கி அணையில் மதகு இல்லைதான். ஒரே நீர்த்தேக்கத்துக்கு மூன்று அணைகள்: பெரியாற்றின் குறுக்கே இடுக்கி, பக்கத்திலேயே செறுதோணி, தள்ளிக் குளமாவு. உபரி நீரைத் திறந்துவிடும் ஐந்து மதகுகளும் செறுதோணியில் இருக்கின்றன. 2018 ஆகஸ்டில், 26 வருஷத்துக்கு அப்புறம், அவற்றைத் திறக்க வேண்டி வந்தது. ஐந்தும் திறந்தபோது கீழே இருந்த செறுதோணிப் பாலத்தின் மேலேயே வெள்ளம் போனது. மின்சாரத்துக்கான தண்ணீர் இந்த இரண்டு அணை வழியாகவும் போவதில்லை. குளமாவுப் பக்கம் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் நுழைந்து, செங்குத்தாக இறங்கும் குழாய்களில் ஏறத்தாழ 660 மீட்டர் விழுந்து, மூலமற்றத்தில் பாறைக்குள்ளேயே கட்டியிருக்கும் நிலையத்தில் ஆறு இயந்திரங்களைச் சுற்றுகிறது. ஒவ்வொன்றும் 130 மெகாவாட், மொத்தம் 780. அணையிலிருந்து பார்த்தால் இதில் எதுவுமே தெரியாது. அரை மணி நேரத்தில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு இது வெறும் பெரிய சுவராகப் போய்விடுவது இதனால்தான்.

அதனால் நேரம் இருந்தால், தொடுபுழா போகும் சாலையில் குளமாவு தாண்டி நாடுகாணி வரைக்கும் போங்கள். அங்கே நின்றால் மூலமற்றம் காலடியில் கிடக்கும். "இப்ப நாம நிற்கிற உயரத்திலிருந்துதான் தண்ணி விழுது" என்று கையை நீட்டிக் காட்டலாம். ஒரு கணக்கும் போடச் சொல்லுங்கள். வீட்டு மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறைய தண்ணீர் இந்த உயரத்திலிருந்து விழுந்தால் எத்தனை யூனிட் கிடைக்கும்? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, 36 லட்சத்தால் (ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்) வகுத்தால் 1.8 வரும், இயந்திரத்தில் போகும் இழப்பைக் கழித்தால் சுமாராக ஒன்றரை யூனிட். ஒரு தொட்டித் தண்ணீருக்கு அவ்வளவுதான் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை ஃபேனை அணைக்காமல் வெளியே போவதற்குக் கொஞ்சம் யோசிக்கும்.

இன்னொன்று. மூலமற்றத்தில் வெளியே வரும் தண்ணீர் மறுபடி பெரியாற்றுக்குப் போவதில்லை. தொடுபுழா ஆறு, மூவாற்றுப்புழா ஆறு வழியாக வேம்பநாட்டுக் காயலுக்குப் போகிறது. அதாவது ஒரு ஆற்றை மறித்து வேறு ஆற்றுக்குத் திருப்பியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது புதுசில்லை. இதே பெரியாற்றைத்தான் மேலே முல்லைப்பெரியாற்றில் 1895-இல் மறித்து மலையைக் குடைந்து கிழக்கே நம் பக்கம் திருப்பினார்கள்; அங்கே தேங்காமல் வழியும் தண்ணீர் வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி நீர்த்தேக்கத்துக்குத்தான் வந்து சேர்கிறது. இதில் அரசியல் எதுவும் பேச வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் ஆற்றை வரைந்து, இரண்டு இடத்தில் கோடு போட்டு, அம்புக்குறி காட்டினால் போதும். கம்பத்து நெல் வயலும் தொடுபுழா ஆறும் ஒரே மலைத் தண்ணீரால் ஓடுவது பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மூலமற்றம் வரை இறங்கினால் ஒரு எச்சரிக்கை: தண்ணீரில் இறங்க விடாதீர்கள். மின் உற்பத்தி கூடும்போது நீரோட்டம் சட்டென்று ஏறிவிடும்.

அணைக்காக ஊரை விட்டவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். 1961-இல் இந்தத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியில் குடியிருந்த விவசாயக் குடும்பங்களை மழைக்காலத்தில் அப்புறப்படுத்திக் கொண்டுவந்து இறக்கிவிட்ட இடம், குமுளிக்குப் பக்கத்து அமராவதி. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். நம் பஸ்கள் குமுளிக்கு எத்தனை தடவை போய் வருகின்றன, பக்கத்தில் இப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

இவ்வளவையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. எல்லாம் வேண்டாம், கம்பம்மெட்டு வழியாக விடிவதற்குள் ஏறிக் கட்டப்பனையில் காலைச் சாப்பாட்டை முடித்தால் கொலும்பனும் அணையும் நாடுகாணியும் நிதானமாக ஆகும். தேக்கடிப் படகை இன்னொரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறப் பிள்ளைகளுக்கு வாழ்நாளெல்லாம் சந்தர்ப்பம் வரும். கேள்வி கேட்கும் வயதில் ஆசிரியரோடு அணைமேல் நிற்பது பெரும்பாலும் ஒருமுறைதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பள்ளி மைதானத்தில் ஒரு விளையாட்டு நடத்திவிடுங்கள். நாங்கள் இரண்டு வேப்பமரத்துக்கு நடுவில் செய்தோம். எட்டுப் பையன்களைத் தோளோடு தோள் சேர்த்து நேர்கோட்டில் நிற்க வைத்து, மற்றவர்களை முன்னாலிருந்து மெதுவாகத் தள்ளச் சொன்னோம். நடுவில் உடனே உடைந்தது. அடுத்து அதே எட்டுப் பேரைத் தள்ளுகிறவர்கள் பக்கம் வில்லாக வளைந்து நிற்க வைத்தோம், இரண்டு கடைசிப் பையன்களும் மரத்தில் சாய்ந்துகொண்டார்கள். இந்தத் தடவை எவ்வளவு தள்ளியும் நடு நகரவில்லை. மரத்தோரம் நின்றவன் மட்டும் கத்தினான்: "சார், எல்லாரும் நடுவுலதானே தள்ளுறாங்க, என் தோள் ஏன் சார் நசுங்குது?"