குன்றக்குடி வரை நடந்துவிட்டேன்

காரைக்குடி
மாசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சிகப்பி,

ஆனி மாதம் நீ போட்ட கடிதம் சாமி அறை அலமாரியில் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விளக்கேற்றும்போதெல்லாம் கண்ணில் படும். "காசிக்குப் போவோம், நம் நகரத்தார் சத்திரத்திலேயே தங்கிக்கொள்ளலாம், ஒரு வார்த்தை சொல்லு" என்று கேட்டிருந்தாய். முதுகு சரியாகட்டும், அப்புறம் எழுதுவோம் என்று தள்ளித் தள்ளி எட்டு மாதம் ஓடிவிட்டது. உனக்குக் கோபம் இருக்கும். நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். உமையாளுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், மூக்கு அப்படியே உமையாள். மற்றதை நேரில் பேசலாம். இப்போது சொல்ல வந்தது வேறு. தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டுக் காவடி பழனிக்குக் கிளம்பிய அன்று நானும் அதோடு குன்றக்குடி வரை நடந்து போனேன்.

நம்பமாட்டாய். போன வருடம் மொட்டைமாடிப் படியேறவே ஆள் துணை கேட்டவள்தானே நான்!

வலி வந்து மூன்று வருடம் ஆகிறது. பொங்கலன்று வாசலில் இருந்த பித்தளை அண்டாவைக் குனிந்து தூக்கினேன், அதிலிருந்து பிடித்தது. முதலில் பார்த்த டாக்டர் மூன்று வாரம் எழுந்திருக்கவே கூடாது என்றார். நானும் சொன்னபடி படுத்தே கிடந்தேன். எழுந்தபோது வலி அப்படியே இருந்தது, தொடையில் பலம் இல்லை, பயம் வேறு கூடச் சேர்ந்திருந்தது. ஸ்கேனில் 'எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம்' என்று எழுதியிருந்தார்கள், இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை பிதுங்கியிருக்கிறதாம். அந்த வரியைப் படித்த பிறகு தும்மக்கூடப் பயந்தேன், சிகப்பி. கோலம் போடுவதை விட்டேன். கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டேன். ஆயா கற்றுக்கொடுத்த கொட்டான், அந்தப் பனை ஓலைக் கூடை பின்னுவதையும் விட்டேன். அதை விட்டதுதான் எனக்கு ரொம்ப வேதனை.

என்னை எழுப்பி நடக்கவைத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். மகள் வயதுதான் இருக்கும். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் வயதாக ஆகப் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுக்கம் தெரியும் என்றாள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியில், வலிக்கிறது என்றாலே உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை, நரம்புகள் அளவுக்கு மீறி உஷாராகிவிடுகின்றன, படுத்தே இருந்தால் இன்னும் மோசமாகும் என்று பொறுமையாக விளக்கினாள். கால் மரத்து பலம் குறைந்தாலோ, உட்காரும் இடத்தில் உணர்ச்சி போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை நீயும் நினைவில் வை. அண்ணனுக்கும் இடுப்புவலி என்று எழுதியிருந்தாயே. சுளுக்கு எடுக்கிறேன் என்று வருகிற யாரிடமும் அவரைக் கொடுத்துவிடாதே. பெரியவர் ஒருவரிடம் நான் போய்ப் பட்டது போதும்.

முதல் வாரம் தெருமுனை வரைதான் நடந்தேன். அப்புறம் பிள்ளையார் கோயில், அப்புறம் கொப்புடையம்மன் கோயில் என்று தூரத்தைக் கூட்டினேன். வலி குறைந்த நாளில் ஆசைப்பட்டு இரட்டிப்பாக நடந்தால் மறுநாள் படுக்கைதான். அதை நாலைந்து தடவை அனுபவித்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். இப்போது நல்ல நாளிலும் அதே தூரம், மோசமான நாளிலும் முடிந்தவரை அதே தூரம்.

ஐப்பசியில் ஆத்தங்குடிக்குப் போனேன். மகன் வீட்டுத் திண்ணைக்குப் பூப்போட்ட தரைக்கல் பார்க்க வேண்டியிருந்தது. பட்டறையில் ஒருவர் கண்ணாடிமேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறமாகச் சாயக் கலவையை ஊற்றி அச்சைத் தூக்கினார். பூ அப்படியே நின்றது. அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி எடுத்துவைத்தார். அப்புறம் தண்ணீரில் ஊறவேண்டும். சூளை கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. நான் பார்த்ததோ அவருடைய இடுப்பை. நாலு கல்லுக்கு ஒருதரம் எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைந்து நின்றார். "இப்படிச் செய்யாட்டி சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போக முடியாது ஆச்சி" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பரணிலிருந்து பனை ஓலையை எடுக்கச் சொன்னேன். தரையில் காலை மடித்து உட்கார்ந்துதான் பின்ன வேண்டும் என்று யார் சொன்னது? ஆயா அப்படி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். முழங்கை உயரத்துக்கு மேசை போட்டு, நனைத்த ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பின்னுகிறேன். ஒரு சுற்று முடிந்தால் எழுந்து முற்றத்தை ஒரு வலம் வருவேன். முதல் கொட்டான் முடிய பதினோரு நாள் ஆயிற்று. அடிப்பக்கத்துச் சதுரம் லேசாகக் கோணல்தான், ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

சரி, குன்றக்குடிக்கு வருகிறேன். இங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினோம். மகன் ஆட்டோவைப் பின்னாலேயே வரச் சொல்லியிருந்தான். அரைமணிக்கு ஒருதரம் நின்றேன். நடுவில் வலி காலுக்கு இறங்கியபோது இரண்டு கிலோமீட்டர் ஆட்டோவில் போனேன், அதை மறைக்கப் போவதில்லை. மலை தெரிந்ததும் இறங்கி நடந்துவிட்டேன். கைப்பிடியைப் பிடித்துப் படியேறி, மயில்மேல் இருக்கிற சண்முகநாதரைப் பார்த்தேன். காவடிகள் பழனிக்குக் கிளம்பின. நான் வெந்நீர்ப் பையோடு வீட்டுக்குத் திரும்பினேன். இரண்டு நாள் நல்ல வலி. மூன்றாம் நாள் தெருமுனை வரை நடந்தேன்.

அதனால்தான் எழுதுகிறேன். வலி போன பிறகு காசி என்றால் நான் காசியைப் பார்க்கவே போவதில்லை. இது என்னோடு இருக்கட்டும், நான் வருகிறேன். கீழ்ப் படுக்கை கட்டாயம் வேண்டும். ரயிலில் 45 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, டிக்கெட் போடும்போது மறக்காதே. கங்கைக்குப் படி இறங்குவது காலையில் ஒருதரம் மட்டும். மத்தியானம் நான் படுத்துக்கொள்வேன், நீ கடைகளைச் சுற்று. உன் பெட்டியை நீயே தூக்கு. பள்ளத்தூர் பஸ்ஸில் செய்ததை மறுபடியும் என்னிடம் செய்யாதே!

புரட்டாசி முடிந்ததும் போய்வரலாமா? வெயில் தணிந்திருக்கும். அண்ணனிடம் கேட்டுத் தேதியை எழுது. உனக்கென்று ஒரு கொட்டான் பாதியில் நிற்கிறது. விளிம்புக்குச் சிவப்பு ஓலையா, பச்சையா? அதையும் எழுது.

உன்
மீனாள்